இரண்டு குதிரைகளும் ஒரு மன்னரும்

முதல் நாள்: நியூயார்க்

பிராட்வே தெருவின் தென்முனையில் பௌலிங் கிரீன் என்று ஒரு சின்னப் பூங்கா. அருகிலேயே புகழ்பெற்ற வெண்கலக் காளை நிற்கிறது. அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு படமெடுக்க ஒரு கூட்டமே வரிசையில் நிற்கிறது. பூங்காவைச் சுற்றி ஓடும் கறுப்பு இரும்பு வேலியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வந்தது அந்த வேலிக்காகத்தான்.

1771-ல் போட்ட வேலி அது. தூண்களின் உச்சியில் அப்போது கிரீடங்கள் இருந்தன. இப்போது மொட்டையாக இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே நடந்தேன். ஒரு தூண் வழவழப்பாக இருந்தது. அடுத்ததில் ரம்பம் இழுத்த கோடுகள் விரலில் தட்டுப்பட்டன. எத்தனையோ முறை பெயின்ட் அடித்தும் அந்தக் கோடுகள் மூடவில்லை.

"யாரு பாட்டி அறுத்தது?" என்றான் பேரன். ஐந்தாம் வகுப்பு. அவன் பள்ளியில் அமெரிக்கப் புரட்சிப் பாடம் இப்போதுதான் முடிந்திருக்கிறது.

கதையைச் சொன்னேன். இந்த வேலிக்குள் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சிலை இருந்தது. குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி, ஈயத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசியது. 1776 ஜூலை 9 அன்று சுதந்திரப் பிரகடனத்தை வாஷிங்டனின் படைக்கு வாசித்துக் காட்டினார்கள். அன்று மாலையே ஒரு கூட்டம் வந்து கயிறு கட்டி இழுத்துச் சாய்த்துவிட்டது. ஈயத்தில் பெரும்பகுதி கனெக்டிகட்டில் லிட்ச்ஃபீல்டு என்ற ஊருக்கு வண்டியில் போனது. அங்கே பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து அதை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்தார்கள். மொத்தம் 42,088 குண்டுகள். யார் யார் எத்தனை வார்த்தார்கள் என்று கணக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஃபிரெடெரிக் என்ற எட்டு வயதுப் பையன் பெயரில் 936.

"எட்டு வயசா!" என்று வியந்தவன், உடனே அடுத்ததைக் கேட்டான். "அந்த ராஜா கெட்டவர்தானே? டைரன்ட்னு டீச்சர் சொன்னாங்க."

நானும் டீச்சர்தான். வாலாஜாபேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் 31 வருஷம் சரித்திரம் நடத்தினேன். "மூன்றாம் ஜார்ஜ் பிடிவாதக்காரர், கொடுங்கோலர், சித்தம் கலங்கியவர்; அவரால் இங்கிலாந்து 13 குடியேற்றங்களை இழந்தது" என்று கரும்பலகையில் ஒரே வரியாக எழுதிப் போட்டுவிட்டு நெப்போலியனுக்குப் போய்விடுவேன். ஓய்வுபெற்ற பிறகு, நேரம் கிடைத்துப் படிக்க ஆரம்பித்தபோதுதான் அந்த ஒரு வரியில் எவ்வளவு பிழை என்று தெரிந்தது. அன்றிலிருந்து அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஊர் திரும்பும் வழியில் லண்டனில் சில நாள் தங்குகிறோம் என்று முடிவானதும், இந்த மனிதரின் தடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

பேரனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். இந்தச் சிலையை வைத்தவர்களும் நியூயார்க்காரர்கள்தான். 1765-ல் வந்த முத்திரை வரியை அடுத்த வருஷமே நீக்கினார்கள். அந்த நன்றிக்காக மன்னருக்குச் சிலை வைக்கத் தீர்மானம் போட்டு, 1770-ல் இங்கே நிறுத்தினார்கள். வணங்கி வைத்ததற்கும் இழுத்துச் சாய்த்ததற்கும் நடுவே ஆறே வருஷம்.

இரண்டாம் நாள்: விமானத்தில்

தூக்கம் வரவில்லை. பேரனின் பாடப் புத்தகத்திலிருந்து பிரகடனத்தை நகலெடுத்து வந்திருந்தேன். மன்னர்மேல் சுமத்திய குற்றச்சாட்டுகள் 27. "அவர் செய்தார்", "அவர் மறுத்தார்" என்று வரிக்கு வரி "அவர்".

பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். 1764 சர்க்கரை வரி, 1765 முத்திரை வரி, 1767-ல் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் கொண்டுவந்த வரிகள், 1773 தேயிலைச் சட்டம் எல்லாமே நாடாளுமன்றம் போட்டவை. ஆனால் பிரகடனத்தில் நாடாளுமன்றம் என்ற சொல்லே கிடையாது. "மற்றவர்களோடு சேர்ந்துகொண்டு" என்று ஓரிடத்தில் வருகிறதே, அந்த மற்றவர்கள்தான் நாடாளுமன்றம். அதன் அதிகாரத்தையே ஒப்புக்கொள்ளாதவர்கள் அதன் பெயரை எழுதுவார்களா? மிச்சம் இருந்த கட்டு மன்னரோடு மட்டும். அதை அறுக்க வேண்டுமானால் குற்றம் முழுவதையும் அவர் தலையில்தான் வைத்தாக வேண்டும். கெட்டிக்கார வக்கீல்கள் எழுதிய வழக்கு அது. தீர்ப்பு என்று நினைத்து நான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

குடியேற்றக்காரர்கள் முதலில் மன்னரிடம்தான் போய் நின்றார்கள். உங்கள் நாடாளுமன்றத்தைத் தடுத்து எங்களைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டார்கள். 1708-க்குப் பிறகு எந்த பிரிட்டிஷ் மன்னரும் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு ஒப்புதல் மறுத்ததில்லை. அந்த வரம்பைத் தாண்டினால்தான் அவர் கொடுங்கோலர். தாண்ட மாட்டேன் என்று நின்றார், அதற்காகவே கொடுங்கோலர் ஆனார். இதைப் படித்த இரவு எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

அவர் பங்கு இல்லாமலும் இல்லை. 1775-ல் சமாதானம் கேட்டு வந்த மனுவை வாங்கவே மறுத்தார். ஜெர்மன் சிற்றரசுகளிடமிருந்து சுமார் 30,000 கூலிப்படையினரைத் திரட்டி அனுப்பியது அவருடைய அரசு. சொந்த ஜனங்கள் என்று சொல்லிக்கொண்டே அந்நியப் படையை ஏவுவதா என்று அங்கே கொதித்தார்கள். கொதித்தது நியாயம்தான்.

மூன்றாம் நாள்: பிரிட்டிஷ் நூலகம்

ஈஸ்ட்ஹாமில் உறவுக்காரர் வீட்டில் இறங்கியிருக்கிறோம். காலையில் இட்லி, மிளகாய்ப்பொடி. அதற்குப் பிறகு ரயிலேறி செயின்ட் பாங்கரஸ்.

நூலகத்துக்குள் நுழைந்ததும் நடுவில் ஆறு மாடி உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கோபுரம். அது முழுக்கப் புத்தகம். பழுப்பும் கருஞ்சிவப்புமாகத் தோல் அட்டைகள், தங்க எழுத்துகள். கீழே தேநீர்க் கடையில் மாணவர்கள் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் தலைக்குமேல் மூன்றாம் ஜார்ஜ் சேர்த்த சுமார் 65,000 நூல்கள். உயிரோடு இருந்தபோதே அறிஞர்களை வீட்டுக்குள் விட்டுப் படிக்க வைத்தவர். அவர் காலமான பிறகு மகன் நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். அலங்காரத்துக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு நூலகப் பணியாளர் உள்ளேயிருந்து இரண்டு தொகுதிகளை எடுத்து வந்தார். இன்றும் வாசகர்கள் கேட்டால் தருகிறார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1769-ல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்கென்றே ரிச்மண்டில் வானாய்வுக்கூடம் கட்டினார். யுரேனஸைக் கண்டுபிடித்த ஹெர்ஷலுக்கு வருஷத்துக்கு 200 பவுண்டு சம்பளம் கொடுத்தார். உழவில் உள்ள ஆசையால் 'விவசாயி ஜார்ஜ்' என்று ஜனங்கள் கூப்பிட்டார்கள்.

அவர் கடிதங்கள் விண்ட்சர் அரண்மனை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 2015-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில் அவற்றைப் படமெடுத்து யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வலையேற்றி வருகிறார்கள். மாலையில் வீட்டில் டேப்லெட்டில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் தேதியோடு மணி, நிமிடம். காலை இத்தனை மணி இத்தனை நிமிடம் என்று சுத்தமாக எழுதுகிறார். இந்த நிமிடக் கணக்கு என்னைத் தொட்டது. கடமையைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தோடு வாழ்ந்த ஒருவரின் பழக்கம் என்று எனக்குப் படுகிறது.

பிரதமர் நார்த் பிரபுவுக்கு 1779 ஜூனில் எழுதுகிறார்: அமெரிக்கா போனால் மேற்கிந்தியத் தீவுகள் போகும், பிறகு அயர்லாந்து போகும், கடைசியில் இந்தத் தீவு தனியாக, ஏழையாக நிற்கும். பயம்தான் போரை இழுத்தது. நார்த் "என்னை விட்டுவிடுங்கள்" என்று எத்தனையோ முறை கெஞ்சினார், விடவில்லை. 1777-ல் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படையே சரணடைந்தது, மறு வருஷம் பிரான்ஸ் எதிரணியில் சேர்ந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நடந்த சாவுகளில் அவர் பிடிவாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கரும்பலகையில் நான் எழுதியவற்றில் பிடிவாதம் என்பது மட்டும் சரி.

1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார். 1782 மார்ச்சில் மன்னர் தன் கையால் ஒரு முடிதுறப்பு அறிக்கை எழுதுகிறார். பிறந்த நாட்டுக்கு இனித் தன்னால் பயனில்லை, ஆகவே மிகுந்த துயரத்தோடு அதை விட்டு நிரந்தரமாகப் போகிறேன் என்கிறார். அதை அனுப்பவே இல்லை. மடித்து வைத்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இந்தியாவிலிருந்து வந்தவள் நான். 1783 நவம்பரில் வெளியுறவு அமைச்சர் ஃபாக்ஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியை நாடாளுமன்றம் நியமிக்கும் ஆணையர்களின் கீழ் கொண்டுவருவது அதன் நோக்கம். டிசம்பரில் மக்களவையில் நிறைவேறிவிட்டது. இதற்கு வாக்களிப்பவர் எனக்கு எதிரி என்று டெம்பிள் பிரபு வழியாக மேலவைப் பிரபுக்களுக்குச் சொல்லி அனுப்பினார் மன்னர். மசோதா தோற்றது, அமைச்சரவையையும் வீட்டுக்கு அனுப்பினார். அமெரிக்கர்கள் சுமத்திய எந்தப் பழியையும்விட இது கனமானது. அங்கே நாடாளுமன்றத்துக்குக் கட்டுப்பட்டவர், நம் விஷயத்தில் அதை முறுக்கினார். ஃபாக்ஸின் மசோதாவால் நமக்கு விடிவு வந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் அதில் கட்சிக் கணக்கு இருந்தது. ஆனால் மன்னர் அதிகாரத்தை மீறிய இடம் எது என்று கேட்டால் நான் கை காட்டுவது இந்த டிசம்பரைத்தான்.

நான்காம் நாள்: க்யூ

ஈஸ்ட்ஹாமில் ஏறினால் க்யூ கார்டன்ஸ் வரை ஒரே ரயில். தூக்குவாளியில் எலுமிச்சை சாதம்.

க்யூ அரண்மனை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொண்டு வந்த வீட்டுக்காரர், "நம்ம ஊர் கலெக்டர் பங்களா இதைவிடப் பெரிசா இருக்கும்போல" என்றார். 1631-ல் ஒரு வியாபாரி கட்டிய செங்கல் வீடு. 15 பிள்ளை பெற்ற ராஜா, குடும்பத்தோடு நிம்மதியாக இருக்க இங்கேதான் வந்தார். மேல்மாடியில் இளவரசிகளின் அறைகள் மராமத்து பார்க்காமல் விட்டபடியே இருக்கின்றன. பலகைத் தரை காலடியில் முனகுகிறது.

1783 மே 3 அன்று அவருடைய செல்லப் பிள்ளை ஆக்டேவியஸ் இங்கே க்யூவில் இறந்தான். நான்கு வயது. முந்தின வருஷம்தான் ஆல்ஃபிரட் என்ற கைக்குழந்தையைப் பறிகொடுத்திருந்தார்கள். ஆக்டேவியஸ் இல்லாத சொர்க்கம் எனக்குச் சொர்க்கமே இல்லை என்றாராம் அப்பா. நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 3 அன்று, அமெரிக்காவை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. என் பாடக்குறிப்பில் இரண்டாவது தேதி மட்டும்தான் இருந்தது.

சார்லட் ராணியின் படுக்கையறையில் ஒரு நாற்காலி. 1818 நவம்பரில் அதில் உட்கார்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது. அந்த அறையில் எனக்கு ஆற்காட்டு வைரங்கள் நினைவுக்கு வந்தன. எங்கள் ஊருக்குத் தன் பட்டப்பெயரைக் கொடுத்த நவாப் முகம்மது அலி வாலாஜா 1777-ல் இந்த ராணிக்கு அனுப்பிய கற்கள். சென்னையில் இருந்த வெள்ளைக்காரர்களிடம் வட்டிக்கு வாங்கி, அதற்கு ஈடாகத் தாலுகா தாலுகாவாக நிலவரியை எழுதிக் கொடுத்தவர் அவர். அந்த வரியைக் கட்டிய எங்கள் பக்கத்துக் குடியானவர்களின் வேர்வையும் அந்த வைரத்தில் இருந்திருக்கும். அதை அணிந்தவர் இந்த ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார்.

வெளியே புல்வெளியில் ஒரு சூரியக் கடிகாரம். வெள்ளை மாளிகை என்று இன்னொரு அரண்மனை அங்கே இருந்ததற்கு அடையாளம் அதுதான், 1802-ல் இடித்துவிட்டார்கள். 1788 நவம்பரில் சித்தம் கலங்கிய மன்னரை அங்கேதான் அடைத்து வைத்தார்கள். வருஷத்தைப் பாருங்கள், 1788. அமெரிக்கா கைவிட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. பைத்தியத்தால் அமெரிக்காவை இழந்தார் என்று வகுப்பில் சொன்னேனே, இரண்டு தேதிகளை ஒப்பிட்டிருந்தால் அந்தப் பொய் என் வாயில் வந்திருக்காது.

வில்லிஸ் என்ற வைத்தியர் அவரைக் கைகளை மடக்கிக் கட்டும் அங்கியிலும் நாற்காலியிலும் பிணைத்தார். இதுதான் என் முடிசூட்டு நாற்காலி என்று மன்னர் சொன்னதாகச் சொல்வார்கள். நோய் என்ன என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. 1966-ல் இரண்டு மனநல மருத்துவர்கள் போர்ஃபைரியா என்ற ரத்தக் கோளாறு என்றார்கள், நீண்ட காலம் அதுவே நிலைத்தது. இப்போது பலர் மனஎழுச்சி நோய் என்கிறார்கள்.

கொஞ்சம் தள்ளி அரச சமையற்கட்டு. இதைத்தான் நான் மறக்கப்போவதில்லை. பெரிய அடுப்பு, தேய்ந்து குழிவிழுந்த மரமேஜை, வெந்நீர் தூக்கும் வேலையாட்களின் கஷ்டம் பார்த்து மன்னர் இங்கேயே வந்து குளித்த தகரத் தொட்டி. 1789 பிப்ரவரி 6 அன்று எப்படி இருந்திருக்குமோ அப்படி அமைத்திருக்கிறார்கள். மன்னருக்குக் கத்தியும் முள்கரண்டியும் திருப்பிக் கொடுத்த நாள் அது. அதுவரை தன்னையே குத்திக்கொள்வார் என்று கையில் கொடுக்கவில்லை. அன்று தானே வெட்டிச் சாப்பிட்டார். என் மாமனார் பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதம் கழித்துத் தானே சோறு பிசைந்து ஒரு வாய் எடுத்த மதியம் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்தத் தொட்டி பக்கத்தில் நின்று கொஞ்சம் அழுதேன். வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை, கைக்குட்டையை நீட்டினார்.

ஐந்தாம் நாள்: விண்ட்சர்

பாடிங்டனில் ரயிலேறி ஸ்லோவில் மாறினால் விண்ட்சர். கோட்டையில் நல்ல கூட்டம். 1811-ல் மூத்த மகன் பொறுப்பு ஆட்சியாளர் ஆனபின், கடைசிக் காலம் முழுவதும் பார்வையும் போய்க் காதும் கேளாமல் அவர் இங்கேதான் இருந்தார். நீண்ட வெள்ளைத் தாடியோடு, தனக்கே கேட்காத ஹார்ப்சிகார்டில் ஹாண்டெலின் இசையை வாசித்துக்கொண்டிருப்பாராம். ராணி இறந்ததைச் சொன்னாலும் அவருக்கு எட்டாத நிலை. 1820 ஜனவரி 29 அன்று, 81 வயதில் காலமானார்.

கோட்டையிலிருந்து தெற்கே 'லாங் வாக்' என்ற நேர்பாதை. நான்கு கிலோமீட்டருக்கு மேல். இரண்டு பக்கமும் மரவரிசை, மறுகோடியில் குன்றின்மேல் ஒரு புள்ளி. வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, பாதி வழியில் ஒரு மர நிழலில் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் நடந்தேன். போகப் போக அந்தப் புள்ளி குதிரை ஆயிற்று.

செப்புக் குதிரை என்று பெயர். 1831-ல் நிறுத்தியது, வெஸ்ட்மகாட் செய்தது. ரோமானியச் சக்கரவர்த்தி போல உடுத்தி, கை நீட்டி உட்கார்ந்திருக்கிறார் மூன்றாம் ஜார்ஜ். பீடத்தில் லத்தீன் எழுத்துகள்: மூன்றாம் ஜார்ஜுக்கு, மிகச் சிறந்த தந்தைக்கு, ஜார்ஜ் மன்னன். வைக்க ஏற்பாடு செய்தது நான்காம் ஜார்ஜ், அப்பாவோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கு நின்ற மகன்.

பாறைப் பீடத்தில் சாய்ந்து தண்ணீர் குடித்தேன். ஹீத்ரோவில் கிளம்பிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்குமேல் போயின. நியூயார்க்கில் உருகிப்போன அந்த ஈயக் குதிரையின் வால், வழியில் யாரோ திருடி ஒரு சதுப்பு நிலத்தில் போட்டதால் தப்பி, இன்றும் அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தக் குதிரைக்கு வால் முழுசாக இருக்கிறது.

1785-ல் அமெரிக்காவின் முதல் தூதராக ஜான் ஆடம்ஸ் வந்து நின்றபோது இந்த மனிதர் சொன்னதை நினைத்துக்கொண்டேன். பிரிவதற்குக் கடைசியாக ஒப்புக்கொண்டவன் நான், ஆனால் பிரிந்தது பிரிந்ததுதான், இனி சுதந்திர நாடான உங்கள் நட்பை முதலில் ஏற்பவனும் நானே என்றார். அவர் குரல் தழுதழுத்ததாக ஆடம்ஸே எழுதியிருக்கிறார்.

ஆடம்ஸ் வந்ததற்கு மறு வருஷமே, 1786-ல், யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸை நமக்கு கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் சிலை இருக்கிறது. பீடத்தில் திப்புவின் இரண்டு மகன்களைப் பணயமாக வாங்கும் காட்சி செதுக்கியிருக்கிறது. மேற்கே இழந்ததற்குக் கிழக்கே வசூல். ஆடம்ஸுக்குக் கிடைத்த அந்த மரியாதை திப்புவின் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

திரும்பி நடந்து வந்து, கடைத்தெருவில் செப்புக் குதிரை போட்ட அஞ்சலட்டை ஒன்று வாங்கினேன். ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து பேரனுக்கு எழுதினேன்.

"கண்ணா, நீ கேட்டதற்குப் பதில் இந்த அட்டையில் அடங்காது, போனில் சொல்கிறேன். அதற்குள் இரண்டு வேலை செய். உன் புத்தகத்தில் உள்ள 27 குற்றச்சாட்டுகளில் ராஜா செய்தவை எத்தனை, நாடாளுமன்றம் செய்தவை எத்தனை என்று அப்பாவோடு உட்கார்ந்து எண்ணு. பிறகு மேப்பில் கடலூர் எங்கே இருக்கிறது என்று பார். பிரான்ஸும் சேர்ந்துகொண்ட உங்கள் விடுதலைப் போரின் கடைசிப் பெரிய சண்டை 1783 ஜூனில் அங்கேதான் நடந்தது, நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். அடுத்த லீவுக்கு வரும்போது கூட்டிப் போகிறேன். மாலை 4 மணி 47 நிமிடம். பாட்டி."